புருவத்துக்கும் இமைக்கும் அரை நிரந்தர அழகு சிகிச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில் கண்ணாடி முன் நின்று ஐப்ரோ பென்சிலால் இடது புருவத்தை வலது புருவத்துக்கு இணையாகக் கொண்டுவருவதற்குள் பத்து நிமிடம் போய்விடும். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தத்தான் பலரும் மைக்ரோபிளேடிங், லேஷ் லிஃப்ட் என்று விசாரித்து வருகிறார்கள். புருவ வேலையும் இமை வேலையும் செய்பவள் நான். என்னிடம் வருபவர்கள் கேட்கும் கேள்விகளையும், கேட்க மறந்துவிட்டுப் பிறகு வருந்தும் கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

அரை நிரந்தரம் என்றால் சரியாக எவ்வளவு நாள்?

ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு விஷயங்களை அடைத்துவிட்டார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் வகை முடியில் செய்வது. புருவ முடியை மேல்நோக்கி நிலைநிறுத்தும் பிரோ லேமினேஷன், சாயம் ஏற்றும் டின்ட், இமை முடியை வளைத்து நிறுத்தும் லேஷ் லிஃப்ட், இமை முடிமேல் செயற்கை முடியை ஒட்டும் லேஷ் எக்ஸ்டென்ஷன் எல்லாம் இதில் வரும். முடி உதிரும்போது வேலையும் அதோடு போய்விடும். டின்ட் மூன்று நான்கு வாரம், லேமினேஷன் நான்கு முதல் எட்டு வாரம், லேஷ் லிஃப்ட் ஆறு முதல் எட்டு வாரம் நிற்கும். எக்ஸ்டென்ஷன் என்றால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போய் விழுந்த இடங்களை நிரப்பிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வகை தோலில் செய்வது. மைக்ரோபிளேடிங், நானோ பிரோஸ், பவுடர் பிரோஸ், தோலில் ஏற்றும் ஐலைனர் எல்லாம் இந்த வகை. பெயர் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் இது பச்சை குத்துவதுதான். ஊசியால் தோலைத் திறந்து உள்ளே நிறமியை இறக்குகிறோம். ஒன்று முதல் மூன்று வருடத்துக்குள் வெளிறும். வெளிறும் என்பதற்கும் முழுக்க மறையும் என்பதற்கும் நிறைய தூரம் இருக்கிறது. சிலருக்கு ஐந்து வருடம் கழித்தும் மங்கிய நிழல் ஒன்று நெற்றிக்குக் கீழே தங்கிவிடும்.

அதனால் எந்தச் சிகிச்சையை விசாரித்தாலும், எப்படி வரும் என்று கேட்பதற்கு முன்னால் எப்படிப் போகும் என்று கேளுங்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்வதில் பாதி இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும்.

முதல் தடவை செய்கிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?

உதிர்ந்து போகும் வகையிலிருந்து. புருவத்தில் முடி ஓரளவுக்கு இருக்கிறது, அடங்காமல் கீழே சாய்கிறது என்றால் லேமினேஷன் போதும். முடி இருக்கிறது, ஆனால் வெளிறித் தெரிகிறது என்றால் டின்ட் போதும். நடுவில் இடைவெளி, வால் பகுதியே இல்லை, சின்ன வயதுத் தழும்பு ஒன்று புருவத்தை இரண்டாக வெட்டுகிறது என்றால்தான் தோலில் செய்யும் வேலையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அப்போதும் உடனே வேண்டாம். நீங்கள் விரும்பும் வடிவத்தைப் பென்சிலால் தினமும் ஒரே மாதிரி வரைந்துகொண்டு இரண்டு வாரம் வெளியே போய்வாருங்கள். மூன்றாவது நாளே சலித்துப்போன வடிவத்தை மூன்று வருடம் சுமக்க வேண்டிய அவசியம் இல்லை.

மைக்ரோபிளேடிங், நானோ, பவுடர் பிரோஸ்: என்ன வித்தியாசம்?

மைக்ரோபிளேடிங்கில் இயந்திரம் கிடையாது. பேனா போன்ற கைப்பிடியின் நுனியில் மிக மெல்லிய ஊசிகள் ஒரே வரிசையில் இருக்கும். அதை வைத்து முடி போலவே ஒவ்வொரு கோடாகக் கீறி, அந்தக் கீறலுக்குள் நிறமியை ஏற்றுவோம். செய்து முடித்ததும் அசல் முடி போலத் தெரியும், அதனால்தான் இதற்கு இவ்வளவு பெயர்.

நானோ பிரோஸும் கோடுதான், ஆனால் இயந்திரத்தில் பொருத்திய ஒற்றை ஊசி புள்ளி புள்ளியாகப் போய் அந்தக் கோட்டை உருவாக்கும். கீறல் இல்லாததால் தோலுக்குச் சிரமம் குறைவு. பவுடர் பிரோஸில் கோடே கிடையாது. நுண்ணிய புள்ளிகளைத் தூவி, மெல்லிய பவுடர் பூசியது போல ஒரு நிழலை ஏற்றுவார்கள். கோட்டையும் நிழலையும் சேர்த்துச் செய்வதும் உண்டு, அதை காம்போ என்பார்கள்.

எது நல்லது என்பதை உங்கள் தோல்தான் முடிவு செய்யும். மதியத்துக்குள் நெற்றி பளபளக்கும் எண்ணெய்ச் சருமம் என்றால் மைக்ரோபிளேடிங் வேண்டாம் என்றே சொல்வேன். ஆறிய பிறகு கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, சில மாதத்தில் ஈரக் காகிதத்தில் எழுதிய மை போலப் பரவிவிடும். துளைகள் பெரிதாக உள்ள தோலுக்கும், வயதால் மெலிந்து தளர்ந்த தோலுக்கும் இதே கதைதான். பவுடர் பிரோஸ் எல்லா வகைச் சருமத்திலும் ஓரளவு நன்றாகவே உட்காரும், கூடுதல் காலமும் நிற்கும். வறண்ட அல்லது சாதாரணச் சருமம், துளைகள் சிறியவை, முடியும் கொஞ்சம் இருக்கிறது என்பவர்களுக்கு மைக்ரோபிளேடிங் அழகாக வரும்.

இன்னொன்று. பழைய மைக்ரோபிளேடிங் மேலேயே திரும்பத் திரும்பக் கீறிக்கொண்டே போனால் அந்த இடம் தழும்பாகும். தழும்பான தோல் நிறமியைச் சரியாகப் பிடிக்காது. இரண்டாவது, மூன்றாவது தடவை வருபவர்களை நான் பவுடர் பக்கம் திருப்புவதற்கு இதுதான் காரணம்.

வலிக்குமா?

தோலை மரத்துப்போக வைக்கும் கிரீமைத் தடவிவிட்டுத்தான் தொடங்குவார்கள். அதில் பெரும்பாலும் லிடோகெயின் இருக்கும். பலருக்குக் கீறும் சத்தம்தான் கூச்சமாக இருக்கும், வலி குறைவு. மாதவிடாய் நாள்களிலும் தூக்கம் இல்லாத நாளிலும் கூடுதலாக எரிவதாகச் சொல்பவர்கள் உண்டு. பல் மருத்துவரிடம் மரத்துப்போகும் ஊசி போட்டபோது படபடப்போ அலர்ஜியோ வந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சிலருடைய புருவம் நாளடைவில் செங்கல் நிறமாகவோ நீலமாகவோ ஆகிறதே, ஏன்?

நிறமி பல நிறங்களின் கலவை. எல்லாம் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. இரும்பு ஆக்சைடு அடிப்படையிலான பழுப்பில் மற்றவை முதலில் போய்விட, சிவப்பு தங்கிவிடும். கார்பன் கறுப்பு அதிகம் உள்ள கலவை சாம்பல், நீலம் பக்கம் போகும். ஆழமும் முக்கியம். மேல்தோலைத் தாண்டி அதற்கு அடுத்த அடுக்கின் மேற்பகுதியில் நிறமி உட்கார வேண்டும். அதைவிட ஆழமாக இறங்கினால் தோல் வழியாகப் பார்க்கும்போது அதே பழுப்பு நீலமாகத் தெரியும். கைத்தோலுக்கு அடியில் ஓடும் நரம்பு நீலமாகத் தெரிவதற்கும் ஏறக்குறைய இதேதான் காரணம்.

வெயில், முகத்துக்குப் போடும் ஆசிட் சீரம், ரெட்டினால் மூன்றும் மங்குவதை வேகப்படுத்தும். ஆறிய பிறகு புருவத்துக்கும் சேர்த்து சன்ஸ்கிரீன் போடுங்கள். இரவு சீரத்தைப் புருவத்துக்கு ஒரு விரல் கீழேயும் மேலேயும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

எந்தப் பிராண்ட் பிக்மெண்ட், அதில் என்ன இருக்கிறது என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் பச்சை மையிலும் நிரந்தர மேக்கப் நிறமியிலும் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்திருக்கிறது. தோலுக்குள் போகும் பொருள் என்பதால்தான் அவ்வளவு கறார்.

மாநிறம், கருமை நிறத் தோலுக்கு இது சரிவருமா?

நன்றாகவே வரும், செய்பவருக்கு அந்தத் தோலில் அனுபவம் இருந்தால். உங்கள் முடி கறுப்பு என்பதற்காக நேராகக் கறுப்பு நிறமியை ஏற்றினால் சில மாதத்தில் சாம்பல் பூத்துவிடும். கொஞ்சம் சூடான, அதாவது செம்மை கலந்த அடர் பழுப்புதான் ஆறிய பிறகு இயல்பான கறுப்பாகத் தெரியும். நிறமி நிறைந்த தோலில் காயம் பட்ட இடம் கறுத்துப்போகும் வாய்ப்பும் அதிகம். அதனால் அழுத்திச் செய்பவரைவிட இரண்டு தடவையாகப் பிரித்து மெதுவாகச் செய்பவர் மேல். காது குத்திய இடத்திலோ பழைய வெட்டுக்காயத்திலோ தடித்த, புடைத்த தழும்பு, அதாவது கீலாய்டு வந்திருந்தால் தோலில் செய்யும் எந்த வேலையும் வேண்டாம்.

வடிவத்தை எப்படி முடிவு செய்வார்கள்? நான் காட்டும் நடிகையின் புருவம் போல வருமா?

அவருடைய எலும்பு வேறு, உங்கள் எலும்பு வேறு. படம் காட்டுவது தப்பில்லை, உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று அதில் எங்களுக்குப் புரியும். வடிவம் உங்கள் முகத்திலிருந்துதான் வர வேண்டும்.

கறுப்புப் பொடி தடவிய நூலை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, நெற்றியின் நடுவில் வைத்து அழுத்துவோம். மெல்லிய கோடு ஒன்று விழும். பலகையில் தச்சர் நூல் தட்டிக் கோடு போடுவதைப் போலத்தான். அந்த நடுக்கோட்டிலிருந்து மூக்கின் ஓரம், கருவிழி, கண்ணின் வெளி முனை என்று ஒவ்வொன்றாக அளந்து, புருவம் எங்கே தொடங்கி எங்கே வளைந்து எங்கே முடிய வேண்டும் என்று குறிப்போம். கடைசியில் முகம் முழுக்கக் கோடுகளோடு கண்ணாடியைப் பார்க்கும்போது சிரிப்பு வரும். ஆனால் அந்த அரைமணி நேரம்தான் மொத்த வேலையிலும் முக்கியமானது.

இங்கே மூன்று விஷயங்களை விட்டுக்கொடுக்காதீர்கள். படுத்தபடி பார்க்காமல் எழுந்து உட்கார்ந்து பாருங்கள், படுக்கும்போது தோல் பின்னால் சரிந்து வடிவம் மாறிவிடும். புருவத்தை உயர்த்தியும் சிரித்தும் பாருங்கள், சிலருக்கு ஒரு பக்கத் தசை கூடுதலாக இழுக்கும். போட்டோ எடுத்தும் பாருங்கள். கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம் போட்டோவில் வேறு மாதிரி இருக்கும், கோணல் ஏதாவது இருந்தால் அதில் பிடிபடும். நீங்கள் முழு மனதோடு சரி என்று சொல்லும் வரை ஊசியை எடுக்கக் கூடாது.

ஆறும்போது எப்படி இருக்கும்?

முதல் வாரத்தில் வரும் போன் அழைப்புகளில் இரண்டு வகைதான். மூன்றாவது நாள், "ரொம்ப கறுப்பா இருக்கு, பயமா இருக்கு." பத்தாவது நாள், "எல்லாம் போயிடுச்சு, ஒண்ணுமே இல்லை." இரண்டுமே வழக்கமானதுதான்.

செய்த அன்று கூர்மையாக, அழகாக இருக்கும். அடுத்த மூன்று நான்கு நாள் இன்னும் அடர்ந்து, அகலமாகத் தெரியும். ஐந்தாம் நாள் வாக்கில் மெல்லிய பொருக்கு உரியத் தொடங்கும், அரிக்கும். விரலால் பிய்த்தால் அந்த இடத்து நிறமியும் சேர்ந்து வந்துவிடும், வெள்ளைத் திட்டு விழும். பொருக்கு முழுக்க உதிர்ந்ததும் மேலே புதுத் தோல் பால் போலப் படர்ந்திருக்கும், அதனால் நிறம் காணாமல் போனது போல இருக்கும். நான்காவது வாரத்துக்குள் மெதுவாகத் திரும்பி வரும். முதல் நாள் பார்த்ததைவிட ஏறக்குறைய பாதி அடர்த்தியில்தான் கடைசி நிறம் நிற்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் டச் அப் செய்து விட்டுப்போன இடங்களை நிரப்புவார்கள். டச் அப்புக்கு முன்னால் எந்தத் தீர்ப்பும் சொல்ல வேண்டாம்.

முதல் பத்து நாள் நீச்சல், நீராவிக் குளியல், வியர்க்க வியர்க்க உடற்பயிற்சி, மேக்கப், வெயில் எதுவும் கூடாது. ஆயின்ட்மென்ட் கொடுத்தால் அரிசி மணி அளவு போதும். கொழகொழவென்று பூசினால் காற்று புகாமல் நிறமி வெளியேறிவிடும். சீழ், நாளுக்கு நாள் கூடும் வலி, பரவும் சிவப்பு, காய்ச்சல் இவற்றில் ஒன்று இருந்தாலும் பார்லருக்குப் போன் செய்துகொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

யார் செய்துகொள்ளக் கூடாது?

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தோலில் செய்யும் வேலையைத் தள்ளிவைப்பது நல்லது. நோய்த்தொற்று வந்தால் மருந்து கொடுப்பதே சிக்கலாகிவிடும். கட்டுக்குள் வராத சர்க்கரை நோய், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, புருவத்தில் எக்ஸிமா அல்லது சொரியாசிஸ், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து என்றால் மருத்துவரிடம் கேட்காமல் வேண்டாம். உங்கள் ரத்த மாத்திரையை நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள், புருவத்துக்காக எடுக்க வேண்டிய ஆபத்து அல்ல அது. முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டவர்கள் அதை முடித்து ஆறு மாதமாவது காத்திருக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். முகச் சுருக்கத்துக்கு போடாக்ஸ் ஊசி போட்டால் இரண்டு வாரம் கழித்து வாருங்கள். இடையில் புருவத்தின் இடம் மாறிவிட்டால் நாங்கள் அளந்ததெல்லாம் வீண்.

பச்சை குத்திய பிறகு ரத்த தானம் செய்யப் பல இடங்களில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். இதுவும் அந்தக் கணக்கில்தான் வரும்.

புருவ முடி சமீபத்தில்தான் கொட்டத் தொடங்கியது. மைக்ரோபிளேடிங் செய்து மறைத்துவிடலாமா?

தயவுசெய்து முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள். புருவத்தின் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கு மெலிவது தைராய்டு குறைவாகச் சுரப்பதன் அடையாளமாக இருக்கலாம். வட்டத் திட்டாக முடி போவது அலோபீசியா ஏரியேட்டா, அதாவது புழுவெட்டாக இருக்கலாம். முன்நெற்றி முடிக்கோடு பின்வாங்கிக்கொண்டே போகும் ஒருவகை முடி உதிர்வில் சிலருக்குப் புருவம்தான் முதலில் கொட்டும். அதைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் மிச்ச முடியையாவது காப்பாற்றலாம். மேலே வண்ணம் ஏற்றி மறைத்துவிட்டால் அந்த அடையாளமே கண்ணில் படாமல் போய்விடும்.

ரத்தப் பரிசோதனை செய்து, காரணம் தெரிந்து, மருத்துவர் சரி என்றதும் வாருங்கள். முடி திரும்ப வராது என்று ஆனவர்களுக்குப் புருவம் வரைந்து கொடுத்து, அவர்கள் கண்ணாடியில் தங்கள் முகத்தைத் திரும்பப் பார்க்கும் நிமிடம், இந்தத் தொழிலில் எனக்குக் கிடைக்கும் பெரிய சம்பளம்.

கீமோதெரபி தொடங்கப் போகிறேன். முன்கூட்டியே புருவம் செய்துகொள்ளலாமா?

புற்றுநோய் மருத்துவரின் அனுமதி இருந்தால் செய்துகொள்ளலாம், ஆனால் காயம் முழுக்க ஆறுவதற்கு நாள் வேண்டும். சிகிச்சைக்குச் சில வாரங்கள் முன்பே முடிந்திருக்க வேண்டும். நாள் போதவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஒட்டிக்கொள்ளும் புருவ ஸ்டிக்கரும் பென்சிலும் அந்த மாதங்களைக் கடத்திவிடும். கீமோ நடக்கும்போது தோலைத் திறக்கவே கூடாது.

பிரோ லேமினேஷனில் என்ன செய்கிறார்கள்?

பெயரைக் கேட்டால் மேலே ஏதோ பூச்சு ஒட்டுவது போலத் தோன்றும். உண்மையில் தலைமுடியைச் சுருட்டும் பெர்மிங் வேலையின் சின்ன வடிவம்தான் இது. முதல் திரவம் முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்பை உடைத்து முடியை இளக்கும். பிறகு மேல்நோக்கிச் சீவி, இரண்டாவது திரவத்தால் அந்தத் திசையிலேயே பிணைப்பை மறுபடி இறுக்குவோம். நேரம் தாண்டினால் முடி பொரிந்து, தீயில் வாட்டியது போல முறுக்கிக்கொள்ளும். அதனால் ஆறு வாரத்துக்குள் மறுபடி செய்யச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன். அன்றைக்கே திரெட்டிங் செய்து தோல் சிவந்திருந்தாலும் வேண்டாம், மருந்து எரியும்.

டின்டுக்கும் ஹென்னாவுக்கும் பேட்ச் டெஸ்ட் கட்டாயமா?

கட்டாயம். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

1930களில் அமெரிக்காவில் லாஷ் லூர் என்று ஒரு இமைச் சாயம் விற்பனைக்கு வந்தது. அதில் பிபிடி என்கிற சாயப் பொருள் இருந்தது. அதைப் போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவர் பார்வையை இழந்தார், இன்னொருவர் உயிரையே இழந்தார். 1938-இல் அழகுசாதனப் பொருள்களையும் அரசின் கண்காணிப்புக்குள் கொண்டுவந்த சட்டம் அங்கே நிறைவேற இதுவும் ஒரு காரணம். அதே பிபிடி இன்றைக்கும் தலைச்சாயங்களில் இருக்கிறது. அதனால்தான் தலைக்குப் போடும் டையைப் புருவத்திலோ இமையிலோ தொடவே கூடாது.

ஹென்னா என்றால் இயற்கை, ஒன்றும் ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். அசல் மருதாணி ஆரஞ்சு, செம்பழுப்பு நிறத்தில்தான் பிடிக்கும், நேரமும் எடுக்கும். பத்து நிமிடத்தில் அடர்பழுப்போ கறுப்போ தருகிற எதிலும் வேறு சாயம் கலந்திருக்கிறது என்று பொருள். பாக்கெட்டில் உள்ள பொருள் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

டெஸ்ட் எளிது. காதுக்குப் பின்னால் அல்லது முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் கவனிக்க வேண்டும். அரிப்பு, தடிப்பு, கொப்புளம் எது வந்தாலும் அந்தச் சாயம் உங்களுக்கு இல்லை. எப்போதாவது கையில் கறுப்பு மருதாணி டாட்டூ போட்டுப் பொங்கியிருந்தால் டெஸ்டுக்கு முன்பே அதைச் சொல்லுங்கள். போன தடவை ஒன்றும் ஆகவில்லை என்பது இந்தத் தடவைக்குச் சான்று ஆகாது, அலர்ஜி எந்தத் தடவையிலும் தொடங்கலாம்.

லேஷ் லிஃப்டா, எக்ஸ்டென்ஷனா?

உங்கள் இமை முடி நீளமாக இருந்து நேராகவோ கீழ்நோக்கியோ வளர்கிறது என்றால் லிஃப்ட். சிலிகான் பட்டையின் மேல் முடியை வளைத்து ஒட்டி, லேமினேஷன் போலவே இரண்டு திரவங்களால் நிலைநிறுத்துவது. அதன்பின் தினப் பராமரிப்பு என்று ஒன்றும் இல்லை. கண்ணாடி அணிபவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள், அதிகம் வளைத்தால் முடி லென்ஸில் உரசாது என்றாலும் இமையோடு ஒட்டி மடிந்து நிற்கும்.

முடி குட்டையாகவோ மிகக் குறைவாகவோ இருந்தால் லிஃப்டில் பெரிய மாற்றம் தெரியாது. அவர்களுக்கு எக்ஸ்டென்ஷன் எடுப்பாக இருக்கும். ஆனால் ஒன்றரை முதல் மூன்று மணி நேரம் கண்ணை மூடிப் படுத்திருக்க வேண்டும், அப்புறம் தினமும் கழுவிச் சீவ வேண்டும், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வர வேண்டும். குப்புறப் படுத்துத் தூங்குபவர்கள், கண்ணைக் கசக்கும் பழக்கம் உள்ளவர்கள், தினமும் முகத்துக்கு எண்ணெய் தேய்ப்பவர்கள் எக்ஸ்டென்ஷனில் காசைக் கொட்ட வேண்டாம்.

எக்ஸ்டென்ஷன் போட்டால் சொந்த இமை முடி போய்விடும் என்கிறார்களே?

ஒழுங்காகப் போட்டால் போகாது. மேல் இமையில் ஏறக்குறைய 90 முதல் 150 முடிகள் இருக்கும். தினமும் ஒன்றிரண்டு தானாகவே உதிரும், ஒட்டியதும் அதோடு விழும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

கெடுப்பது மூன்று விஷயங்கள். முதலாவது, இரண்டு மூன்று முடிகளைச் சேர்த்து ஒட்டிவிடுவது. ஒன்று வளரும் பருவத்தில் இருக்கும், பக்கத்தில் உள்ளது உதிரும் பருவத்தில் இருக்கும். வளர்கிற முடி மற்றதை வேரோடு இழுக்கும். அதனால்தான் ஒரு டுவீசரால் மற்ற முடிகளை ஒதுக்கிப் பிடித்து, ஒற்றை முடியைத் தனியாக நிறுத்தி, இன்னொரு டுவீசரால் அதன்மேல் மட்டும், தோலைத் தொடாமல் ஒரு மயிரிழை தள்ளி ஒட்ட வேண்டும். ஒரு கண்ணுக்கு இதை நூறு தடவை செய்ய வேண்டும். அரைமணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். வேலை முடிந்ததும் மஸ்காரா பிரஷ் போன்ற சுத்தமான ஸ்பூலி பிரஷ்ஷால் வேரிலிருந்து நுனிக்குச் சீவிப் பாருங்கள். எங்கேயாவது சிக்கினால், அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. உடனே பிரித்துவிடச் சொல்லுங்கள்.

இரண்டாவது, கனம். மெலிந்த முடிக்குத் தடித்த, நீளமான எக்ஸ்டென்ஷன் வைத்தால் வேர் தாங்காது. மூன்றாவது, வீட்டில் பிய்ப்பது. ரிமூவர் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

பசையில் சயனோஅக்ரிலேட் இருக்கும், சிலவற்றிலிருந்து ஃபார்மால்டிஹைடு வெளிப்படும். கண்ணை மூடியிருக்கும்போது எரிச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம், சொல்லிவிடுங்கள். மறுநாள் இரண்டு இமையும் வீங்கி அரித்தால் அது பெரும்பாலும் பசை அலர்ஜி. அடுத்த தடவை இன்னும் கடுமையாக வரும். எனக்குத் தெரிந்த ஒருவர், இது வழக்கம்தான் என்று ஒரு பார்லரில் சொன்னதை நம்பி மூன்று தடவை போட்டுக்கொண்டார். மூன்றாவது தடவை கண்ணே திறக்க முடியாமல் கண் மருத்துவரிடம் போனார். பசை கண்ணுக்குள் பட்டால் தேய்க்காமல், இழுக்காமல் வெதுவெதுப்பான நீரால் நிறையக் கழுவிவிட்டு நேராகக் கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எக்ஸ்டென்ஷனில் தண்ணீர் பட்டால் விழுந்துவிடுமா? கழுவாமல் இருப்பது நல்லதுதானே?

கழுவாமல் இருப்பதுதான் கெடுதல். எண்ணெய்ப்பிசுக்கும் மேக்கப்பும் இறந்த தோலும் வேரில் சேர்ந்தால் இமை ஓரம் அழற்சியாகும், பொடுகு போல உதிரும், டெமோடெக்ஸ் என்னும் நுண்பூச்சிகள் பெருகும். எண்ணெய் இல்லாத லேஷ் கிளென்சர் நுரையால் தினமும் மென்மையாகக் கழுவித் துடையுங்கள். முதல் நாளில் எப்போது நனைக்கலாம் என்பது பசைக்குப் பசை மாறும், போட்டவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இமை முடி வளர்க்கும் சீரம் வேலை செய்யுமா?

பைமாட்டோபிராஸ்ட் என்னும் மருந்து வேலை செய்யும். கண் அழுத்த நோய்க்கான சொட்டு மருந்தாக வந்தது அது. போட்டவர்கள் பலருக்கு இமை முடி நீண்டதைப் பார்த்து, 2008-இல் இமை வளர்ச்சிக்கென்றே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முழுப் பலன் தெரிய நான்கு மாதம் ஆகும், நிறுத்தினால் முடி பழைய நிலைக்குப் போய்விடும். இமைத்தோல் கறுக்கலாம், கண் சிவக்கலாம், கண்ணைச் சுற்றிய கொழுப்பு வற்றிக் குழி விழலாம். வெளிர்நிறக் கருவிழி நிரந்தரமாகப் பழுப்பாகவும் கூடும். எனவே மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும். கடையில் கிடைக்கும் சில சீரங்களிலும் இதே குடும்பத்து வேதிப்பொருள் இருக்கும். பொருள் பட்டியலில் 'பிராஸ்ட்' என்று வருகிறதா என்று பாருங்கள். வெறும் கண்டிஷனிங் சீரம் முடி உடைவதைக் குறைக்கும், அவ்வளவுதான்.

ஐலைனரையும் அப்படியே பச்சை குத்திக்கொள்ளலாமா?

புருவத்தைவிட இங்கே நான் மிகவும் தயங்குவேன். இமைத்தோல் உடம்பிலேயே மெலிந்த தோல். அதன் ஓரத்தில்தான் கண்ணீரை ஆவியாகாமல் காக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. ஊசி இடம் தவறினால் நிறமி பரவி நீலத் திட்டாகும், கண் வறட்சியும் வரலாம். ஏற்கெனவே கண் வறண்டு உறுத்துகிறவர்களும் சமீபத்தில் கண் அறுவை சிகிச்சை செய்தவர்களும் வேண்டாம். செய்தே ஆக வேண்டும் என்றால் முடிகளுக்கு நடுவில் மட்டும் புள்ளி வைக்கும் மெல்லிய வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வால் நீட்டிய இறக்கை லைனர் வேண்டாம், வயதாகித் தோல் தளரும்போது அதுவும் கீழே இறங்கும். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டு, எக்ஸ்டென்ஷனை முழுக்க எடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

செய்பவரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அவர்களுடைய இணையப் பக்கத்தில் உள்ள படங்களைப் பாருங்கள், ஆனால் செய்த அன்றைக்கு எடுத்த படங்களை நம்பாதீர்கள். அன்றைக்கு எல்லாருடைய வேலையும் அழகாகத்தான் இருக்கும். ஆறிய பிறகு, ஆறு வாரமோ ஒரு வருடமோ கழித்து எடுத்த படங்களைக் கேளுங்கள். உங்கள் நிறத்திலும் உங்கள் வகைச் சருமத்திலும் செய்தவை இருக்க வேண்டும். அப்படி ஐந்து படம் காட்ட முடியாதவரிடம் முகத்தைக் கொடுக்காதீர்கள்.

ஊசி அல்லது பிளேட் பாக்கெட்டை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும், அதில் காலாவதி தேதி இருக்க வேண்டும், வேலை முடிந்ததும் ஊசிகளுக்கென்று உள்ள தனிப் பெட்டியில் போட வேண்டும். ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி எல்லாம் ரத்தத்தின் வழியாகப் பரவுபவை. கையுறையோடு போனை எடுத்துப் பேசிவிட்டு அதே கையுறையோடு வேலையைத் தொடர்ந்தால் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் நோய், மருந்து பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காதவரிடமும் வேண்டாம். ஒரு நல்ல கைக்காரர் சில பேரைத் திருப்பி அனுப்புவார். உங்களுக்கு இது சரிவராது என்று அவர் சொன்னால் கோபப்படாதீர்கள்.

எம்ஆர்ஐ எடுக்கும்போது பிரச்சினை வருமா?

நிறமியில் இரும்பு ஆக்சைடு இருந்தால் லேசான சூடோ குறுகுறுப்போ வரலாம், அரிதாகத்தான் நடக்கும். அதற்காக ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம். உள்ளே போகும் முன் எடுப்பவரிடம் சொல்லுங்கள், போதும்.

பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிட முடியுமா?

முடியும், ஆனால் போட்டதைவிட எடுப்பது அதிக நாள், அதிக வலி, பெரும்பாலும் அதிகச் செலவு. உப்புக் கரைசலைத் தோலுக்குள் செலுத்தி நிறமியை மேலே இழுக்கும் முறை ஒன்று. லேசர் இன்னொன்று. இரண்டுக்கும் வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல அமர்வுகள் வேண்டும்.

லேசரில் ஒரு கண்ணி இருக்கிறது. சில நிறமிகளில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடும் இரும்பு ஆக்சைடும் லேசர் பட்டதும் மறைவதற்குப் பதில் கறுத்துவிடும். தோல் நிறத்தில் ஏதோ பூசிப் பழைய புருவத்தை மறைத்துத் தருகிறேன் என்பவர்களிடம் போகக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். அந்த வெளிர் நிறமியில் டைட்டானியம்தான் இருக்கும். பிறகு லேசரும் கைகொடுக்காது. எடுக்க வேண்டும் என்றால் தோல் மருத்துவரிடம் போய், முதலில் ஓரமாக ஒரு சின்னப் புள்ளியில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கல்யாணம் வருகிறது. எத்தனை நாள் முன்னால் செய்வது?

தோலில் செய்யும் வேலை என்றால் மூன்று மாதம் முன்னால். முதல் அமர்வு, ஆறும் காலம், டச் அப், அது ஆறும் காலம் எல்லாம் அதற்குள் அடங்கும். ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் தொடங்கவே வேண்டாம், லேமினேஷனும் டின்டும் போதும். அதற்கும் பேட்ச் டெஸ்ட் பத்து நாள் முன்னால், வேலை நான்கைந்து நாள் முன்னால். லேஷ் லிஃப்டுக்கும் இதே கணக்கு. எக்ஸ்டென்ஷன் என்றால் இரண்டு மூன்று நாள் முன்னால் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதுதான் வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கக் கூடாது. ஒரு மாதம் முன்பே ஒருமுறை போட்டுப் பார்த்து, பசை ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். மணமேடையில் வீங்கிய இமைக்கு மருந்து தேடும் நிலைமை யாருக்கும் வேண்டாம்.